அணைக்கக் கூடாத பெட்டி

முத்தரசன்துறையில் கரண்டு போனால், விளக்கைத் தேடாமல், மெழுகுவத்தியைத் தேடாமல், தொட்டிலில் கிடக்கிற பிள்ளை அழுகிறதா என்றுகூடப் பார்க்காமல், வலை பின்னுகிறவன் வலையைப் போட்டுவிட்டும் மீன் அறுக்கிறவள் அரிவாள்மணையைச் சாய்த்துவிட்டும் ஊர் முழுக்க எமல்டாவின் கடையைப் பார்த்து ஓடிய காலம் ஒன்று இருந்தது. "பெட்டி ஓடுதா?" என்று பின்னால் வருகிறவன் முன்னால் போகிறவனிடம் கேட்பான். "ஓடுது, ஓடுது" என்று கடை வாசலிலிருந்து பதில் வரும். அதற்குப் பிறகுதான் அவரவர் மூச்சை விட்டு, வந்த வழியே திரும்பி நடப்பார்கள்.

எமல்டா கம்ப்யூட்டர் பழுது பார்க்கிறவள். ஐஸ் கம்பெனிக்கும் வலைக்கடைக்கும் நடுவே, ஒரு கட்டில் போட்டால் நிறைந்துவிடுகிற அளவில் அவள் கடை. ஊருக்குள் வருகிற பெட்டிகளெல்லாம் தூத்துக்குடியிலும் மதுரையிலும் யாரோ உழைத்துக் களைத்துத் தள்ளிவிட்ட பழைய பெட்டிகள். அவற்றுக்கு அந்த ஊரில் வருகிற நோய் பெரும்பாலும் ஒன்றுதான், உப்புக்காற்று. அது மூடியின் இடுக்கு வழியாக உள்ளே போய், மெமரி அட்டையின் தங்கப் பற்களில் பச்சையாகப் படியும். பெட்டி பட்டனை அமுக்கினால் படம் காட்டாமல் நீளமாகக் கூவும். எமல்டா அட்டையைக் கழற்றி, பள்ளிப் பிள்ளைகளின் அழிரப்பரால் பற்களைத் தேய்த்து, ஊதி, இரண்டு பக்கக் கொண்டிகளும் 'டக்' என்று கடிக்கிறவரை அமுக்கி வைப்பாள். முக்கால்வாசிப் பெட்டிகள் அதிலேயே எழுந்து உட்கார்ந்துவிடும்.

அவள் புருஷன் ரெமீஜியுஸ் 'சந்தன மாதா' என்கிற விசைப்படகின் டிரைவர். பெரும்புயல் அடித்த வருஷம் அந்தப் படகு திரும்பவில்லை. ஒரு பலகையோ ஒரு மிதவையோகூடக் கரை ஒதுங்கவில்லை. ரெமீஜியுஸின் அக்காள் கொன்சீத்தாவின் ஒரே மகன் ஜெனிஸ்டனும் அதே படகில்தான் போயிருந்தான். தேடப் போன படகுகள் வெறுங்கையோடு வந்த அன்றைக்குக் கொன்சீத்தா கடற்கரையில் எல்லாருக்கும் முன்னால் எமல்டாவின் தலைமுடியைப் பிடித்து, "வரமாட்டேன்னு சொன்ன பிள்ளைய இழுத்துக்கிட்டுப் போயிக் கொன்னுட்டானே உன் புருசன்" என்று கத்தினாள். அதற்குப் பிறகு அவள் எமல்டாவோடு பேசவில்லை. இரண்டு பேர் வீடும் ஒரே தெரு. ஒரே குழாயில்தான் தண்ணீர். குடங்கள் ஒன்றையொன்று இடித்தாலும் கண்கள் இடிக்கவில்லை.

எமல்டாவுக்குப் புருஷனை நினைத்து அழவும் வழியில்லாமல் போயிற்று. அவன் முகத்தை நினைத்தால் பக்கத்தில் அந்தப் பையனும் வந்து நின்றான். இருபது வயசுகூட நிறையாத பையன், 'மாமி மாமி' என்று கடைக்கு வந்து மவுசைப் பிடித்து விளையாடுகிறவன். வரமாட்டேன் என்று சொன்னவனை இவர் ஏன் இழுத்துப் போனார் என்கிற கேள்வி தொண்டையில் முள்ளாக நிற்க, ரெமீஜியுஸின் போட்டோவை அவள் பீரோவுக்குள், சேலைகளுக்கு அடியில், முகம் கவிழ்த்து வைத்திருந்தாள்.

அப்படி இருக்கையில் ஒரு நாள் விசைப்படகு சங்கத்தின் செயலாளர் கஸ்பார், சங்க ஆபீஸின் பழைய கம்ப்யூட்டரைப் பிள்ளையைத் தூக்குவது போல மார்போடு அணைத்துக்கொண்டு வந்தார்.

"ஒரு எழுத்து அடிச்சா அது வந்து விழுகதுக்குள்ள டீ குடிச்சிட்டு வந்துரலாம் போல இருக்கு, எமல்டா. மெமரி கொஞ்சம் கூட்டிப் போடேன்."

அந்தக் காலத்துப் பெட்டிக்கு அந்தக் காலத்து மெமரிதான் சேரும். புதியதன் வெட்டு வேறு இடத்தில் இருக்கும், பள்ளத்தில் உட்காராது. எமல்டா எடைக்கு வாங்கிப் போட்டிருந்த பழைய போர்டுகளைக் கிளறி, பொருந்துகிற அட்டை ஒன்றைக் கண்டுபிடித்தாள். எந்தக் கம்பெனி அட்டை, யாருடைய பெட்டியில் இருந்தது என்பது அவளுக்குத் தெரியாது, யாருக்கும் தெரியாது. போட்டாள். பெட்டி கூவியது. தேய்த்துப் போட்டாள். கூவியது. பெட்டியில் ஏற்கெனவே இருந்த அட்டையை எடுத்துவிட்டு, கிளறி எடுத்ததை மட்டும் வைத்தாள், பள்ளத்தை மாற்றினாள், போர்டிலிருந்த பொத்தான் பாட்டரியைக் கழற்றிச் சற்று நேரம் ஆறவிட்டு மாட்டினாள். இரண்டும் வேறு வேறு வேகம், ஒன்றோடொன்று ஒத்துப்போக மாட்டேன் என்கிறது என்று நினைத்துக் கடைசித் தடவையாக இரண்டையும் சேர்த்துப் போட்டபோது, கூவல் நின்றது. கறுப்புத் திரையில் வெள்ளை எண்கள் ஓடத் தொடங்கின. பெட்டி தன்னிடம் எவ்வளவு மெமரி இருக்கிறது என்று தானே எண்ணிப் பார்க்கிற எண்கள் அவை. எண்ணி முடித்ததும் நின்றுவிட்டு அடுத்த வேலைக்குப் போக வேண்டும். போகவில்லை. நிற்கவேண்டிய இடத்தைத் தாண்டி ஓடிற்று.

கஸ்பார் பெட்டியின் தலையில் கையை ஊன்றிக்கொண்டு எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். புயல் நாளில் சங்கத்து வயர்லெஸ்ஸைக் கையில் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படகாகப் பேர் சொல்லிக் கூப்பிட்டவர் அவர். பதில் சொன்ன குரல்கள் ஒவ்வொன்றாக இரைச்சலுக்குள் அமுங்கிப்போனதைக் கேட்டவரும் அவர்தான். அன்றிலிருந்து அவர் தலையைச் சற்றே ஒரு பக்கம் சாய்த்து, எதையோ காது கொடுத்துக் கேட்கிறவர் மாதிரியேதான் நடப்பார். இப்போது திரையில் எண்கள் ஒரு பெரிய தாவல் தாவின. கஸ்பார் கையை எடுத்தார். அவர் தலை நிமிர்ந்திருந்தது.

"என்ன அண்ணே?" என்றாள் எமல்டா.

"என்னது என்ன? பசிக்குதுட்டி எனக்கு" என்று சிரித்தார் அவர். அப்படி அவர் சிரித்துப் பல காலம்.

அட்டைதான் கோளாறு, எண்ணிக்கை நிற்கவில்லை என்று சொல்லி எமல்டா பட்டனை அமுக்கக் கையைக் கொண்டுபோனாள். கஸ்பார் உதவிக்கு வருகிறவர் போலப் பெட்டியைப் பிடித்தார். பிடித்ததும் அவர் முகம் சுருங்கி, தலை பழையபடி பக்கவாட்டில் சாய்ந்தது.

"அணைச்சிராத" என்றார். "ஏ பிள்ள, அணைச்சிராத. அவனுவ எல்லாம் இதுக்குள்ள இருக்கானுவ."

ஊர் இதைக் கேட்டு ஆச்சரியப்படவில்லை. கடலில் போனவன் வராமல் இருப்பதும், வருவான் வருவான் என்று வாசல் விளக்கை எரியவிடுவதும் பழகிப்போன ஊர் அது. பெட்டிக்குள் மனசை இறக்கி வைக்கலாம் என்று கஸ்பாரின் பெண்டாட்டி குழாயடியில் சொன்னபோது, அவர்கள் கேட்டதெல்லாம், கடை எப்போது திறக்கும் என்பதுதான். கையை வைத்தால் நெஞ்சில் அழுத்திக்கொண்டிருக்கிறது எதுவோ அது உள்ளே போகும். கையை எடுத்தால் அது இருந்த நினைவே இருக்காது. மறுபடி கையை வைத்தால், வைத்திருக்கிற நேரத்துக்கு மட்டும் திரும்ப வரும். வேண்டுமென்று மனசு வைத்தால் முழுசாக எடுத்துக்கொண்டும் போய்விடலாம். அவரவர் வைத்தது அவரவர் கைக்குத்தான் வந்தது, அடுத்தவர் கைக்கு வெறும் சூடு. தலைச்சுமைக்காரர்கள் பாரத்தை இறக்கி வைக்கிற கல்லின் பேரையே அதற்கும் வைத்து, சுமைதாங்கி என்று கூப்பிட்டார்கள்.

மீன் ஏலம் விடுகிற கயித்தான், தன்னோடு பேசாமலே செத்துப்போன தம்பியின் முகத்தை வைத்துவிட்டுப் போனான். லெயோனி டீச்சர் ஒரே ஒரு மத்தியானத்தை வைத்தாள். அது என்ன மத்தியானமோ தெரியாது, ஆனால் வைத்ததே அவளுக்கு நினைவில்லாததால் பிறர் வந்து சொல்ல, தினமும் சாயங்காலம் பவுடர் போட்டுக்கொண்டு வந்து பெட்டியைத் தொட்டபடி கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போவாள். கடன்காரனின் ஏச்சை மறக்க வந்தவனையும் பெண்டாட்டி திட்டியதை மறக்க வந்தவனையும் வரிசையில் நின்றவர்கள், "இது என்ன குப்பைத் தொட்டியாடே?" என்று விரட்டினார்கள். பாரத்தைச் சுமக்க ஆண்டவர் ஒருவரே இருக்கிறார் என்று பங்குச்சாமி பிரசங்கத்தில் கண்டித்தார். பிறகு ஒரு நாள் வெயில் நேரத்தில், அங்கி இல்லாமல் கைலியோடு கடையின் பின்வாசல் வழியாக வந்து அவரும் எதையோ வைத்தார். அது எது என்று யாரும் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பது அந்த ஊரில் மரியாதை ஆகிவிட்டது.

எமல்டா எல்லாருக்கும் ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள். "ஹார்ட் டிஸ்க்னா பீரோ மாதிரி, பூட்டிட்டுப் போனாலும் வச்சது அப்படியே இருக்கும். மெமரிங்கது மடி மாதிரி. உக்காந்திருக்க மட்டுந்தான் மடியில பொருள் நிக்கும். எந்திரிச்சா கொட்டிரும். கரண்டு போச்சுன்னா எல்லாம் போச்சு, பாத்துக்கிடுங்க."

ஊர் பார்த்துக்கொண்டது. படகுகளிலிருந்து பாட்டரிகள் இறங்கி வந்து கடையின் சுவரோரம் வரிசையாக உட்கார்ந்தன. ஐஸ் கம்பெனி ஜெனரேட்டரிலிருந்து சுவரைத் துளைத்து ஒரு வயர் வந்தது. லைன்மேன் பூலோகபாண்டி கம்பத்தில் ஏறுமுன் எமல்டாவுக்கு ஆள் விட்டுச் சொல்லி, பாட்டரிக்கு மாற்றிவிட்டதாகப் பதில் வந்த பிறகே பியூஸ் கட்டையைப் பிடுங்குவார். மாதா திருநாளுக்குச் சீரியல் பல்பு போட்டால் கரண்டு தாழ்கிறது என்று கோபுரத்தை அந்த வருஷம் இருட்டாகவே விட்டார்கள்.

ஊர் லேசாயிற்று. அலைவாய்க்கரையில் சேலைத் தலைப்பைப் பல்லில் கடித்துக்கொண்டு கடலையே பார்த்து நின்ற பெண்கள் எல்லாரும் வீட்டுக்குப் போய்விட்டார்கள்; அவர்கள் நின்ற இடத்தில் காக்காய்கள் மட்டும் அதே வரிசையில் நின்றன. சிரித்துப் பேசிக்கொண்டிருக்கிறவர்கள் திடீரென்று நிறுத்தி, படியிறங்கும்போது ஒரு படி குறைந்தது போலத் தடுமாறி, பிறகு பேச்சைத் தொடர்ந்தார்கள். கடையில் ஆளில்லாத நேரத்தில் பெட்டியின் காற்றாடிச் சத்தத்துக்குள் தூரத்து எஞ்சின் சத்தம் ஒன்றும், இரைச்சலுக்கு நடுவே யாரோ யாரையோ பேர் சொல்லி அழைப்பதும் எமல்டாவுக்குக் கேட்கும். அவள் பெட்டியைத் தொட்டதில்லை. துடைக்கிறதாக இருந்தாலும் கையில் துணியைச் சுற்றிக்கொண்டுதான் துடைத்தாள். தன்னிடம் இருக்கிற நினைவில் எது புருஷன், எது முள் என்று பிரிக்கத் தெரியாமல், ஒன்றை வைக்கப்போய் மற்றதும் போய்விடுமோ என்று பயந்தாள்.

ஒரு நாள் கொன்சீத்தா வந்தாள். வரிசை தானாக விலகி வழிவிட்டது. எமல்டாவைப் பார்க்காமல், கறுப்புச் சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு பெட்டியின் மேல் இரண்டு கையையும் வைத்தாள். வைத்தவள் எடுக்கவில்லை. திரையில் எண்கள் ஓடின, ஓடின, மீன்கூட்டம் வலையைக் கண்டு பாய்வது போலப் பாய்ந்தன. வெளியே நின்றவர்கள் ஜெபமாலையை எடுத்துவிட்டார்கள். கடைசியில் கையை எடுத்து, முகத்திலிருந்து துணியை விலக்கி, கொன்சீத்தா எமல்டாவைப் பார்த்தாள்.

"ஏட்டி எமல்டா! என்னட்டி இப்படி மெலிஞ்சுபோன? சாப்புடுதியா இல்லியா?"

எமல்டாவின் கையிலிருந்து ஸ்க்ரூ டிரைவர் விழுந்தது.

கொன்சீத்தா அந்த மாசம் முழுக்க வைத்த மீன்குழம்பில் ஒரு துண்டைக்கூட எமல்டாவுக்குக் கொடுக்காமல் சாப்பிடவில்லை. கறுப்புச் சேலை ஏன் கட்டியிருக்கிறோம் என்று புரியாமல் அவிழ்த்துப் போட்டுவிட்டு, கிளிப்பச்சையில் கட்டினாள். அவள் வீட்டுச் சுவரில் மாலை போட்ட போட்டோவைக் காட்டி, "ஆரு இந்தப் பய? நல்ல மொகமா இருக்கான்" என்று பக்கத்து வீட்டுக்காரியிடம் கேட்டபோது, அவள் வாயைப் பொத்திக்கொண்டு போட்டோவைக் கழற்றித் தன் வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டாள். தெருவில் ஜெனிஸ்டன் என்கிற பேரை யாரும் சொல்லவில்லை. ஆனாலும் கொன்சீத்தா உலையில் இரண்டு பேருக்கு அரிசி போட்டாள். "கை தானா அள்ளிருது, பாரு" என்று மீந்த சோற்றை நாய்க்கு வைத்தாள். நாயும் அவளும் சேர்ந்து வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

எமல்டாவுக்குச் சந்தோஷமாக இருந்தது; அதுதான் அவளை உறுத்திற்று. மதினியின் கையால் சாப்பிடுகிறபோதெல்லாம், இந்தச் சோறு யாருடைய பங்கு என்று அவளுக்குத் தெரிந்தே இருந்தது.

பிறகு பெட்டிக்குச் சீக்கு வந்தது. முதலில் கயித்தான், தம்பியைப் பார்க்க வந்து கையை வைத்தவன், பதறி எடுத்தான். "எவளோ ஒரு பொம்பளைக்குப் பிள்ள கலைஞ்சது எனக்குத் தெரியுது" என்றான். லெயோனி டீச்சருக்கு அவள் மத்தியானத்துக்குப் பதில், கஸ்பார் கேட்ட குரல்கள் கேட்டன. ஒருவர் வைத்தது இன்னொருவர் கைக்கு வந்தது. எமல்டா மூடியைக் கழற்றிப் பார்த்தாள். உப்பின் பச்சை, மெமரி அட்டையின் ஓரம் வரை ஏறியிருந்தது. பக்கத்தில் சின்ன டப்பாக்கள் போல நிற்கிற கெப்பாசிட்டர்கள் தலை உப்பி, ஒன்றிரண்டு பழுப்பாகக் கசிந்துகொண்டிருந்தன. மெமரி கெட்டுப்போகத் தொடங்கினால் இப்படித்தான், ஒன்றை வைத்த இடத்தில் வேறொன்றைக் கொடுக்கும். கழற்றித் தேய்த்துப் போட்டால் ஒருவேளை சரியாகும். ஆனால் அணைக்காமல் கழற்ற முடியாது. அணைத்தால் மடி கொட்டிவிடும்.

அவள் பங்குச்சாமியிடம் போனாள். "சாமி, எல்லாரும் வந்து அவங்கவங்க பொருள எடுத்துக்கிடச் சொல்லுங்க. ரொம்ப நாளு தாங்காது."

கோயில் மணி அடித்துச் சொன்னார்கள். வந்தார்கள். வைக்க வந்தபோது தள்ளிக்கொண்டு வந்த சனம், எடுக்க வரும்போது சாவு விழுந்த துட்டிவீட்டுக்கு வருகிறவர்கள் போலச் செருப்பை வெளியே விட்டு மெல்ல வந்தார்கள். எதை வைத்தோம் என்று தெரியாதவர்களுக்கு, கூட வந்தவர்கள் தைரியம் சொன்னார்கள். வேறொருவருடையது வந்துவிட்டால் மறுபடி உள்ளே விட்டு, தன்னுடையது வருகிறவரை தேடினார்கள். கஸ்பாரின் தலை மறுபடி சாய்ந்தது. அலைவாய்க்கரைப் பெண்கள் காக்காய்களை விரட்டிவிட்டுப் பழைய இடத்தில் போய் நின்றார்கள். சாமி எல்லாருக்கும் முன்னாலேயே, முன்வாசல் வழியாகவே வந்து, தன்னுடையதை எடுத்துக்கொண்டு அழுதுகொண்டே போனார். தெருவெல்லாம் ஒப்பாரி. ஆனாலும் எடுக்காமல் போனவர் யாரும் இல்லை. "வலிச்சாலும் என் வீட்டு ஆளுல்லா?" என்றாள் ஒருத்தி, கண்ணைத் துடைத்துக்கொண்டு. திரையில் எண் இறங்கிக்கொண்டே வந்தது. வந்தவர்கள் எல்லாரும் எடுத்த பிறகும் அது பூச்சியத்துக்கு வரவில்லை. கொன்சீத்தா மட்டும் வந்திருக்கவில்லை.

எமல்டா கொன்சீத்தாவின் வீட்டுக்குப் போனாள். அவள் முற்றத்தில் உட்கார்ந்து கணவாய் மீனுக்குத் தோல் உரித்துக்கொண்டிருந்தாள்.

"மதினி, எங் கடையில நீங்க ஒண்ணு வச்சிட்டு வந்திய. அத எடுத்துக்கிடணும்."

"நானா? என்னத்த வச்சேன்?"

"அத நான் சொல்லக் கூடாது. தொட்டாத் தெரியும்."

கொன்சீத்தா உரித்த தோலைக் கிண்ணத்தில் போட்டுவிட்டு அவளை ஏறிட்டுப் பார்த்தாள். சிரிப்பு மெதுவாக நின்றது.

"கனமா இருக்குமோ?"

"கனம்தான் மதினி."

"அப்ப, வேண்டாம்னுதானட்டி வச்சிட்டு வந்திருப்பேன்?"

"இப்ப எடுக்காட்டா, பொறவு எப்பவுமே கெடைக்காது" என்றாள் எமல்டா. "உங்களுக்குச் சொந்தமானது. உலகத்துல வேற யாருகிட்டயும் இல்லாதது."

கொன்சீத்தா கணவாயின் மையில் கறுத்த தன் விரல்களைப் பார்த்தாள். அந்த நேரத்தில் அவள் கை தானாக எழுந்து, மடியில் ஒரு குழந்தையின் தலை இருந்தால் எங்கே இருக்குமோ அந்த இடத்தில் நின்று, என்ன செய்வதென்று தெரியாமல் திரும்ப இறங்கிற்று.

"எனக்குப் பயமா இருக்குட்டி" என்றாள். பிறகு, மீந்த குழம்பைக் கொடுக்கிற அதே பரிவோடு சொன்னாள்: "நல்ல பொருளுன்னா நீ எடுத்துக்கயேன். நீ வச்சிருந்தா என்ன, நான் வச்சிருந்தா என்ன?"

எமல்டா திரும்பி நடந்தாள். நடக்கும்போது அவளுக்கு ஒன்று தெளிவாகவே தெரிந்தது. சும்மா இருந்தால் போதும். பட்டனைக்கூட அமுக்க வேண்டாம்; பெட்டி தானாகச் செத்துப்போகும். மதினி கிளிப்பச்சைச் சேலையோடு குழம்பு கொண்டுவருவாள். உன் புருஷன் என் பிள்ளையைக் கொன்றான் என்று சொல்ல உலகத்தில் வாய் இருக்காது. ஜெனிஸ்டனைப் பெற்ற வயிறும் இருக்காது.

கடையில் பூலோகபாண்டி காவலுக்கு உட்கார்ந்திருந்தார். பெட்டிக்குள்ளிருந்து வண்டுபோல ஒரு இரைச்சலும் கருகல் நாற்றமும் வந்துகொண்டிருந்தன.

"வரமாட்டேன்னுட்டாவளா?" என்றார்.

"ஆமா அண்ணாச்சி. கொஞ்சம் வெளிய இருங்க."

அவர் எழுந்து போனார். எமல்டா கையில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்தாள். முதல் தடவையாகப் பெட்டியின் மேல் வெறுங்கையை வைத்தாள்.

வந்தது. முதலில் அடிவயிற்றில் ஒரு வலியாக வந்தது, அவள் ஒருபோதும் அறியாத வலி, பிறகு மருத்துவச்சியின் குரல், பிறகு ரத்தமும் சூடுமாக மார்பில் கிடத்தப்பட்ட ஒரு கனம், அதன் உச்சந்தலை மணம், பால் கட்டிய வேதனை, மணலில் குப்புற விழுந்து வாயெல்லாம் மண்ணோடு சிரித்த பல், அப்பன் செத்த வீட்டில் எதுவும் புரியாமல் பஞ்சுமிட்டாய் கேட்ட வாய், கோயிலில் முதல் நன்மை வாங்குகிற நாளுக்குத் தைத்த வெள்ளைச் சட்டை, அதில் கொட்டிய சாம்பார், முளைத்த மீசையை யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக் கண்ணாடியில் தடவிப் பார்த்த விரல், எல்லாம் ஒன்றின்மேல் ஒன்றாக, அலை வாங்கி முடிக்குமுன் அடுத்த அலையாக வந்து, கடைசியில் ஒரு விடியற்காலைக்கு வந்து நின்றது.

ஜெனிஸ்டன் போர்வைக்குள் சுருண்டு கிடக்கிறான். "இன்னிக்கு வேண்டாம்மா. என்னமோ மாதிரி இருக்கு." வாசலில் ரெமீஜியுஸ் நிற்கிறான், எமல்டா வாசலுக்கு வந்து வழியனுப்பிய அதே நீலச் சட்டை. "கெடக்கட்டும் விடுக்கா" என்கிறான் அவன். "அவன் மொகமே சரியில்ல. அடுத்த ஓட்டத்துக்கு வரட்டும்." கொன்சீத்தாவின் கை, இப்போது எமல்டாவின் கையாகவே இருக்கிற கை, போர்வையைப் பிடித்து இழுக்கிறது. "ஆம்பளைப் பிள்ள வெயில் வர்றவரைக்கும் படுத்துக் கெடந்தா வீடு வெளங்குமா? எந்திரில!" சோற்றுத் தூக்கை அவன் கையில் திணிக்கிறது. முதுகில் கை வைத்துத் தள்ளுகிறது. அந்த முதுகு போர்வைச் சூட்டோடு இருக்கிறது. பையன் திரும்பிப் பார்க்கிறான். ரெமீஜியுஸ் அவன் தோளில் கையைப் போட்டு, "வாடே, படகுல படுத்துக்க, நான் பாத்துக்கிடுதேன்" என்று சொல்லிக்கொண்டே இருட்டுக்குள் கூட்டிப்போகிறான்.

எமல்டா கத்தினது ஐஸ் கம்பெனியில் கேட்டது. பூலோகபாண்டி ஓடி வந்தபோது அவள் பெட்டியைக் கட்டிக்கொண்டு தரையில் கிடந்தாள். ஒரு கண்ணில் புருஷனுக்காகவும் ஒரு கண்ணில் மகனுக்காகவும் அழுகிறவள் போல, நிறுத்த முடியாமல் அழுதாள். திரையில் எண் பூச்சியத்தில் நின்றிருந்தது. பிறகு உள்ளே எதுவோ 'பட்' என்று தெறித்து, காற்றாடி இன்னும் இரண்டு சுற்றுச் சுற்றி நின்றது. அன்றைக்குக் கரண்டு போகவேயில்லை.

அதன் பிறகு ரெமீஜியுஸின் போட்டோ பீரோவிலிருந்து வெளியே வந்து சுவரில் ஏறிற்று. பக்கத்து வீட்டிலிருந்து ஜெனிஸ்டனின் போட்டோவைக் கேட்டு வாங்கி, புருஷன் போட்டோ இருந்த இடத்தில், சேலைகளுக்கு அடியில் எமல்டா வைத்தாள். கதவைச் சாத்திக்கொண்டு அதை எடுத்துப் பார்க்கிற நாட்களில் பால் கொடுத்தறியாத அவள் மார்பு வலித்தது. தெருவில் எந்தப் பையனாவது "அம்மா" என்று கூப்பிட்டால் அவள் திரும்பினாள்.

கல்லறைத் திருநாள் வந்தது. கடலில் போனவர்களுக்குக் குழி கிடையாது என்பதால், கோயில் முற்றத்தில் மணலைக் குவித்து அதில் மெழுகுவத்தி நட்டுவைப்பது அந்த ஊர் வழக்கம். சாயங்காலப் பூசையில் பங்குச்சாமி பேர்களை ஒவ்வொன்றாக வாசித்தார். ரெமீஜியுஸ் என்றபோது எமல்டாவும் கொன்சீத்தாவும் சேர்ந்தே அழுதார்கள். தம்பி கடலில் போனது கொன்சீத்தாவுக்கு நினைவிருந்தது. அடுத்த பேருக்கு முன்னால் சாமி கொஞ்சம் நின்றார். "ஜெனிஸ்டன்" என்றார். முற்றம் முழுக்க மூச்சுவிடாமல் கொன்சீத்தாவைப் பார்த்தது. அவள் குனிந்து, தன் கையில் மீதியிருந்த வத்தி ஒன்றைப் பொருத்தி மணலில் நட்டாள். "பாவம், ஆரு பெத்த பிள்ளையோ" என்று எமல்டாவின் காதில் சொன்னாள். காற்றுக்கு அது அணையாமல் இருக்கக் கைகளைக் குவித்து வைத்துக்கொண்டு, அங்கிருந்து எழ மனமில்லாதவள் போல வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள்.

திரும்பி வரும்போது இரண்டு பேரும் கடற்கரை வழியாக நடந்தார்கள்.

"ஏட்டி, ஒண்ணு கேக்கணும்னே இருந்தேன்" என்றாள் கொன்சீத்தா. "நீயும் நானும் ஒரே தெருவுல இருந்துக்கிட்டு எதுக்கு அவ்வளவு காலம் பேசாம இருந்தோம்? எம்புட்டு யோசிச்சாலும் எனக்குப் பிடிபட மாட்டேங்கு."

அந்த விடியற்காலை முழுசாக எமல்டாவின் நாக்கு நுனி வரை வந்து நின்றது. கெடக்கட்டும் விடுக்கா என்று வாசலில் நின்று சொன்ன குரல். உலகத்தில் இப்போது அது நினைவிருப்பது அவள் ஒருத்திக்குத்தான். ஒரு வார்த்தை சொன்னால் போதும், இழுத்துக்கொண்டு போய்க் கொன்றவன் என்கிற பேர் அவள் புருஷனை விட்டுப் போய்விடும்.

"குழாயடியில ஒரு சண்டை மதினி" என்றாள். "ஆரு கொடத்த மொதல்ல வைக்கதுன்னு."

"அடப் பாவிகளா, அதுக்கா?" கொன்சீத்தா சிரித்தே விட்டாள். "தப்பு ஆரு மேல?"

"எம் மேலதான்."

கொன்சீத்தா அவள் கையை இழுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

"போட்டும் விடு" என்றாள். "நான் அதையெல்லாம் எப்பவோ மறந்தாச்சு."